கடைசி வீட்டின் நாலரை அடி

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. பட்டதாரி. நகராட்சியின் வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் பணியாற்றுகிறேன்.

இன்று காலை முதல் வேலையாக வாய்க்கால் ஓரத் தெருவுக்குப் போய், சாலை மட்டத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுத் தரையையும் அளந்தேன். இறந்துபோன இஸ்திரிக்காரரின் மனைவி, நான் கேட்காமலே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வீடுகளின் தரை சாலையைவிட இரண்டேகால் அடி உயரம். கடைசியில் இருக்கும் அவர் வீடு மட்டும் ஓரடி பள்ளம்.

சென்ற மாதம் முதல் மழை வடிந்த மறுநாள், இதே வீடுகளின் சுவர்களில் தண்ணீர் நின்ற கறையை அளந்தேன். வீட்டுத் தரையிலிருந்து அளப்பதே எங்கள் வழக்கம். படிவத்தில் சாலைக்குக் கட்டமில்லை. முன்பொரு வெள்ளத்துக்குப் பின் தரையை உயர்த்திக் கட்டிய வீடுகளில் ஒன்றேகால் அடி வந்தது. கடைசி வீட்டில் நாலரை அடி வந்தது. இஸ்திரிக்காரர், "இவ்வளவு அளக்கறீங்களே, சுவருக்குச் சட்டை தைக்கவா?" என்றார். அவர் மனைவி, "வெளிய ரோட்டுல வச்சு அளங்கம்மா. உள்ள அளந்தா தெருவே சௌக்கியமா இருக்கிற மாதிரி தெரியும்" என்றார். நான் அளக்கவில்லை. மணி ஒன்றாகிவிட்டிருந்தது, இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது.

அதன் பிறகு அலுவலகத்தில் என் குறிப்பேட்டைப் பார்த்த பொறியாளர், "தண்ணி அந்த வீட்டுல மட்டும் எகிறிக் குதிச்சுதா மேடம்? பழைய கறையா இருக்கும், சரி பண்ணிடுங்க" என்றார். நான் படிவத்தில் ஒன்றேகால் என்று எழுதினேன். தெரு 'மிதமான பாதிப்பு' ஆனது. அதன் பிறகு அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரை வேறு தெருவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிலிருந்து ஆறாம் நாள் காலை மீண்டும் மழை பெய்தது. இஸ்திரிக்காரர் தன் மனைவியை மேட்டில் நிறுத்திவிட்டு, "ரெண்டு மூட்டைதான், ஊர்த் துணி, வந்துடறேன்" என்று உள்ளே போனார். தண்ணீர் அழுத்தித் திறக்க முடியாமல்போன கதவை மாலையில்தான் உடைத்தார்கள். மூட்டைகள் பரணில் நனையாமல் இருந்தன. மிதமான பாதிப்புப் பகுதியில் அவருடைய அஜாக்கிரதையால் நேர்ந்த மரணம் என்று எழுதி, அவர் மனைவியின் நிவாரண மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு ஆதாரம் என் படிவம். ஒன்றேகாலோடு இரண்டேகாலையும் ஓரடியையும் கூட்டினால் நாலரை. அன்றே சாலையிலும் அளந்து கூட்டியிருக்கலாம்.

நேற்றுப் பொறியாளர், "விசாரணையில கேட்டா, குறிப்பேடு மழையில போச்சுன்னு சொல்லிடுங்க. எத்தனையோ போச்சு, அதோட இதுவும்" என்றார். தலையாட்டினேன். இரவு கணவரும், "வேலை போனா வீடு என்னாகும்னு யோசிச்சுக்கோ" என்றார். அவருக்கும் தலையாட்டினேன்.

குறிப்பேடு மழையில் போகவில்லை. என் கைப்பையில் இருக்கிறது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் நாலரை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை இந்த வாக்குமூலத்துடன் ஒப்படைக்கிறேன். இந்த முடிவை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நாலரை என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொன்னேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)