பதினாலாம் நம்பர் கேள்வி

இல்ல ஹஜ்ரத், எந்திரிக்க மாட்டேன். என் நம்பர் பதினாலு, இதோ டோக்கன். வெளிய பெஞ்சுல ஒன்றரை மணி நேரம் முறையா உக்காந்துட்டுதான் உள்ள வந்திருக்கேன். மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தின்னா, வந்தவங்க கேள்வியக் காதுகொடுத்துக் கேட்டே ஆகணும். இந்த மதரஸாவோட விதி அது. முதல் பதிவேட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு.

ஆமா, படிச்சேன். யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காக உங்க நிர்வாகமே அனுமதி கொடுத்துச்சே. மூணு மாசமா மாடி நூலகத்துல தூசி தின்னுக்கிட்டிருக்கேன். நூத்திப்பத்து வருஷத்துக் கேள்வி பதில், இருபத்தாறு பதிவேடு.

கேள்விக்கு வரேன், வரேன். அவசரப்படாதீங்க, நான்தான் கடைசி டோக்கன்.

இந்த ஸைதுன்னு ஒருத்தன் இருக்கானே... தெரியும், தெரியும். கேட்டவங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னு ஆம்பளைக்கெல்லாம் ஸைது, பொம்பளைக்கெல்லாம் ஹிந்தான்னு மாத்தி எழுதுறது வழக்கம். ஆனா வரிசையாப் படிச்சுப் பாருங்க, அந்த ஆளு நூத்திப்பத்து வருஷமா ஒருநாள் நிம்மதியா இருந்ததில்ல. பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சண்டை, கோபத்துல தலாக், மறுநாள் காலையில அழுகை. பாவம் ஹிந்தா, எப்படித்தான் அவனோட குடித்தனம் நடத்துறாளோ!

சிரிக்காதீங்க. சிரிச்சா முஃப்தி மாதிரியே இல்ல.

சும்மா சொல்லக்கூடாது, கயிறு கிடங்குக்குப் பின்னாடி ஒத்த அறையில பதினோரு பசங்களோட ஆரம்பிச்ச இடம். இன்னிக்குப் பாதி ஊரு இந்த மேசையக் கேட்டுத்தான் மூச்சு விடுது. போட்டோ எடுக்கலாமான்னு ரெண்டாம் பதிவேட்டுல ஒரு கேள்வி. கூடவே கூடாதுன்னு பதில். ஒன்பதாவதுல, பாஸ்போர்ட்டுக்குன்னா பரவாயில்ல. இப்பக் கொஞ்சம் திரும்புங்க. சுவர்ல நூற்றாண்டு விழா போட்டோ. நடுவுல யாரு அது, தாடியெல்லாம் சீவிக்கிட்டு? தப்புன்னு சொல்ல வரல. பெரியவங்க உக்காந்து மறுபடி யோசிச்சிருக்காங்க. என் ஆராய்ச்சியிலயும் அதத்தான் எழுதுறேன்.

சரி, கேள்வி. ஹிந்தாவுக்கு இருபத்திரெண்டு வயசு. மேல்படிப்புக்கு வேற ஊர்ல இடம் கிடைச்சிருக்கு. பொண்ணுங்களுக்குன்னே தனி ஹாஸ்டல். சேர்றேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தரணும், இல்லன்னா இடம் போச்சு. அவ தகப்பன் ஸைது, மார்க்கத்துல கூடாதுங்கறான். எந்தக் கிதாபுல இருக்குன்னு கேட்டா தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடறான். தட்டத் தள்ளி வைக்கிறதெல்லாம் ஒரு ஆதாரமா ஹஜ்ரத்?

அவன் மனசையும் பாக்கணுமா? பாத்தாச்சே. போன வாரம் பரண்லேருந்து பெரிய பெட்டிய இறக்கினான். ஓடாத ஜிப்ப மெழுகு தேச்சுச் சரிபண்ணினான். ரெண்டு தடவ திறந்து மூடிப் பாத்தான். அப்புறம் சத்தமில்லாம மறுபடி பரண்லயே ஏத்தி வச்சிட்டான். ஹிந்தா கதவிடுக்குல பாத்துக்கிட்டுதான் இருந்தா. ஒரே பொண்ணு, வீடு வெறிச்சோடிடுமேன்னு பயம். பயமா இருக்கும்மான்னு சொல்லியிருந்தா அவளும் கூட உக்காந்து அழுதிருப்பா. அத விட்டுட்டு மார்க்கத்து மேல பழியப் போடறான் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இல்ல, இது புதுக் கேள்வி இல்ல, முன்னாடியும் வந்திருக்கு. இருபத்தஞ்சாம் பதிவேடு, பக்கம் முன்னூத்தி ஏழு. நகல் கொண்டு வந்திருக்கேன். எழுத்து பொடியா இருக்கா? கண்ணாடிய மறந்துட்டீங்களா? சரி, நானே வாசிக்கிறேன். நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போகணும்னு ஒரு ஹிந்தா கேட்டிருக்கா. பதில்: பாதுகாப்பான தங்குமிடமும் நல்ல துணையும் இருப்பின் செல்லலாம், தக்க காரணமின்றித் தகப்பன் தடுப்பது முறையன்று. கீழ கையெழுத்து உங்களோடதுதானே?

ஏன் கனைக்கிறீங்க? அந்த ஸைதுக்கு ஒரு பதில், இந்த ஸைதுக்கு ஒரு பதிலா?

வாயால சொல்ல வேண்டாம். எழுதி, கையெழுத்து போட்டு, முத்திரை குத்திக் கொடுங்க. கூடாதுன்னாலும் சரி, ஆதாரத்தோட எழுதுங்க, ஹிந்தா கட்டுப்படுவா. சத்தியமா வாதாட மாட்டா. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன்.

ஓ, மறந்தே போச்சு. இந்தாங்க கண்ணாடி. காலையில தட்டத் தள்ளின வேகத்துல வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்க. உம்மாதான் கொடுத்தனுப்பினாங்க. போட்டுக்கிட்டு நிதானமாப் படிங்க வாப்பா.