தலைக்குள் செத்த புழு

"எனக்க மண்டைக்குள்ள ஒரு புழு செத்துக் கெடக்குதாம் மக்கா."

நாகர்கோவிலிலிருந்து திருவட்டாறு போகும் பேருந்தில், முன்னிருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன். அவள் மடியில் பெரிய ஸ்கேன் கவர் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அவளோடு அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைப்பவள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"புழுவா? அதனாலயா ஒனக்கு வலிப்பு வந்துச்சு?"

"ஆமா. சரியா கழுவாத காய்கறியில அதுக்க முட்டை இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாவ. ஸ்கேன்ல கடுகளவு வெள்ளப் புள்ளியா தெரியுது."

"ஆபீஸ்ல எல்லாரும் பேய்னுல்லா நெனச்சாவ."

"எனக்க வீட்டுலயும் அப்பிடித்தான். நீதான் ஸ்கேன் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன. மொத தடவ ஆஸ்பத்திரிக்கும் கூட வந்த."

"எங்க அண்ணன் வலிப்பு வந்துதான் கெணத்துல விழுந்து செத்தான். அதுக்கு முன்ன அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு ஆருக்கும் தோணல்ல."

கவர் வைத்திருந்தவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை தொடங்கின பொறவு ஒருக்காகூட வலிப்பு வரல்ல, கேட்டியா. பிள்ளைய கீழ போட்டுருவேன்னு பயந்து மாமியாரு என்னயத் தூக்கவே விடமாட்டாவ. நேத்து அவியளே குளிப்பாட்டச் சொல்லி எனக்க கையில தந்தாவ."

"நீ அழுதியா?"

"பிள்ளைதான் அழுதா. எனக்க கை அவளுக்குப் பழக்கமில்லல்லா. சோப்பு போட்டு முடிக்கதுக்குள்ள சிரிச்சிட்டா."