பெர்னியின் பக்கத்துச் சீட்டு

பெர்னி: யோவ், அது புடிச்சதுதான்யா! ரெண்டு கையாலயும் புடிச்சான், ரெண்டு காலும் கோட்டுக்குள்ள இருக்கு. இன்னும் என்னய்யா வேணும் அந்த வரிச்சட்டைக்கார நடுவருக்கு? கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?

நார்பர்ட்: கத்தாத பெர்னி. இங்கேர்ந்து கத்தினா அவனுக்குக் கேக்கவா போகுது?

பெர்னி: கேக்கும். இத்தன வருஷமா கத்தறேன், ஒரு நாளாச்சும் கேக்கும்.

நார்பர்ட்: இப்ப அமெரிக்கன் ஃபுட்பால்ல சட்டம் அப்படி. புடிக்கணும், விழணும், உருளணும், எந்திரிச்சு சட்டையத் தட்டிக்கணும், பந்த வீட்டுக்குக் கொண்டுபோயி அலமாரில வெச்சுப் பூட்டணும். அப்பத்தான் 'புடிச்சான்'னு ஒத்துக்குவாங்க.

டெரெல்: பந்து தரையில பட்டுச்சுக்கா. பெரிய திரையில காட்டினாங்களே.

பெர்னி: யாருடா இது முன்னாடி? எதிர் டீமோட பச்சத் தொப்பியப் போட்டுக்கிட்டு எங்க ஊருல வந்து நாட்டாமை பண்றது?

டெரெல்: எம் பேரு டெரெல்க்கா. நியூ ஜெர்சிலேர்ந்து வரேன். இந்த மைதானத்துல இன்னைக்குக் கடைசி ஆட்டம்னாங்க. இடிக்கறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடலாம்னு...

நார்பர்ட்: எழவு வீட்டுக்கு வேடிக்க பாக்க வந்தியாக்கும். சரி, வந்தவன் தொப்பியக் கழட்டு.

டெரெல்: குளிருதுண்ணே. காது வுழுந்துரும் போல இருக்கு.

பெர்னி: வுழட்டும். பஃபலோவுக்கு வந்தவன் ஒரு காதாவது விட்டுட்டுத்தான் போகணும்... அய்யய்யோ! இங்க பாரு, நம்ம கோச்சு உதைக்கறவன அனுப்பறான்!

நார்பர்ட்: நாலு வாய்ப்புக்குள்ள பத்து கஜம் தாண்டணும், இது நாலாவது வாய்ப்பு இல்ல? அனுப்பத்தான் செய்வான்.

பெர்னி: அரைக் கஜம்யா! அரைக் கஜம் போனா பந்து நம்மகிட்டயே இருக்கும். நான் ஒரு தும்மல் போட்டா அரைக் கஜம் நகரும். ரெண்டு பாயிண்டு பின்னாடி இருக்கோம், ஆட்டம் முடியப் போவுது, கையில இருக்கற பந்த 'இந்தாங்க சாமி, வெச்சுக்கங்க'ன்னு எதிராளிக்கு உதைச்சுக் குடுக்கறான். இவனெல்லாம் ஒரு கோச்சு!

நார்பர்ட்: கோர்ட்டுல என் வக்கீலும் அதத்தான் பண்ணான்.

டெரெல்: கோர்ட்டா? நான் உங்க ரெண்டு பேரையும் புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சேன்.

பெர்னி: புருஷனா! இந்தாளா!

நார்பர்ட்: ஒரு காலத்துல இருந்தேன் தம்பி. அப்புறம் வெட்டி விட்டுட்டாங்க.

டெரெல்: அப்ப எப்படிண்ணே பக்கத்துல பக்கத்துல...

பெர்னி: வீடு எனக்கு, படகு இவருக்கு, நாய் எனக்கு. எல்லாத்தையும் சண்டையில்லாம பிரிச்சாச்சு. வருஷா வருஷம் எங்க பேர்ல இருக்கற இந்த ரெண்டு சீட்டுன்னு வந்தப்பதான் ரெண்டு பேரும் மல்லுக்கு நின்னோம். ஜட்ஜு பாத்தாரு, ஆளுக்கு ஒண்ணுன்னுட்டாரு.

நார்பர்ட்: அவரும் நம்ம டீம் ஆளு. ஞாயித்துக்கெழமை ஆட்டத்தோட அருமை தெரிஞ்சவரு.

டெரெல்: யாராச்சும் ஒருத்தர் வித்துட்டுப் போயிருக்கலாமே?

பெர்னி: எதுக்கு விக்கணும்? இந்தாளு மூஞ்சிக்குப் பயந்துக்கிட்டா?

நார்பர்ட்: அவ இடம் அவளுக்கு, என் இடம் எனக்கு. நடுவுல இருக்கற கைப்பிடி மட்டும் இன்னும் வழக்குல இருக்கு.

பெர்னி: முழங்கைய எடுய்யா மொதல்ல.

டெரெல்: அப்ப அடுத்த வருஷம்?

நார்பர்ட்: அடுத்த வருஷம் ரோட்டுக்கு அந்தாண்ட புது மைதானம். இந்தச் சீட்டெல்லாம் செல்லாது. அவங்கவங்க தனியாப் போயி வாங்கிக்கணும்.

டெரெல்: வாங்கிட்டீங்களா?

பெர்னி: நான் வாங்கிட்டேன்.

நார்பர்ட்: நான் வாங்கல.

பெர்னி: ...வாங்கலியா?

நார்பர்ட்: எதுக்கு வாங்கணும்? வீட்டுல சோபா இருக்கு, டிவி இருக்கு. ஒண்ணுக்குப் போகணும்னா வரிசைல நிக்க வேணாம்.

பெர்னி: நெசமாவா சொல்ற?

நார்பர்ட்: நெசமாத்தான்.

பெர்னி: ம்... நல்லது.

நார்பர்ட்: என்ன நல்லது?

பெர்னி: முழங்கை இடிக்காம நிம்மதியா ஆட்டம் பாக்கலாம்ல... ஏய், ஏய்! அமுக்குடா! அப்படித்தான்! அவங்க பந்து எறியறவன அப்படியே சப்பாத்தி மாவு மாதிரி... என்னது? தப்புன்னு மஞ்சத் துணி வீசறானா? யாரு மேல?

டெரெல்: உங்காளு மேலதான்க்கா. எறியறவன முழு எடையோட அமுக்கிட்டானாம். தண்டனை பதினஞ்சு கஜம்.

பெர்னி: பின்ன, பாதி எடையோடவா விழுவான்? மிச்சப் பாதிய எங்க வெப்பான், ரயில்வே ஸ்டேஷன்லயா?

நார்பர்ட்: எறியறவனத் தொட்டாத் தப்பு, மொறச்சாத் தப்பு. இனிமே கிட்டப் போயி, 'ஐயா, கொஞ்சம் படுத்துக்கறீங்களா'ன்னு கேக்கணும். போர்வை போத்திவிடணும்.

பெர்னி: தலகாணியும் வெச்சு.

நார்பர்ட்: ஆமா, தலகாணியும் வெச்சு... பெர்னி.

பெர்னி: என்ன?

நார்பர்ட்: அங்க புதுசுல... தனியாவா ஒக்காரப் போற?

பெர்னி: ஏன் கேக்கற?

நார்பர்ட்: சும்மாதான். வயசாகுது, வழுக்குற படிக்கட்டு. ஒரு துணை இருந்தா நல்லதேன்னு.

பெர்னி: யாருக்கு வயசாகுது?

நார்பர்ட்: எனக்குத்தான்டியம்மா. எனக்குத்தான்.

டெரெல்: ஸ்ஸ்! நாலாவது வாய்ப்பு. ஒரு சாண் போனாப் போதும் எங்களுக்கு.

பெர்னி: இப்பப் பாரு, குண்டியத் தள்ளற வித்தையக் காட்டப் போறானுங்க.

நார்பர்ட்: இதுக்கெல்லாம் வியூகம்னு பேரு வேற. முன்னாடி ஒருத்தன் பந்த வயித்துல கட்டிக்கறான், பின்னாடி மூணு தடியனுங்க அவன் குண்டியில கைய வெச்சுத் தள்ளறானுங்க. கூட்டமான பஸ்ஸுல ஏறத் தெரிஞ்ச எவனும் இத ஆடலாம்.

டெரெல்: சட்டத்துல எடம் இருக்குண்ணே.

பெர்னி: சட்டத்துல எடம் இருந்தா? மானம்னு ஒண்ணு வேணாமா?... தள்ளறான், தள்ளறான்... நிறுத்திட்டானுங்க! நிறுத்திட்டானுங்கடா என் செல்லங்க!

டெரெல்: இல்லக்கா, தாண்டிட்டான். நான் பாத்தேன்.

நார்பர்ட்: இருபது பேரு மேல மேல விழுந்து கெடக்கான், உனக்கு மட்டும் பந்து தெரிஞ்சுதா? இரு, அளப்பாங்க.

பெர்னி: அந்தக் கூத்த ஏன் கேக்கற. கெழவன் ஒருத்தன் ஓடி வருவான், குத்துமதிப்பாக் கட்டவிரல வெச்சு, 'இங்கதான் இருந்துச்சு பந்து'ம்பான். எங்க இருந்துச்சுன்னு அவங்கம்மாவுக்கே தெரியாது. அதுக்கப்புறம் அங்கேர்ந்து முடி கனத்துக்கு அளக்கறதுக்குக் கேமராவாம்!

நார்பர்ட்: வந்துருச்சு, வந்துருச்சு. பத்தல! பந்து நமக்கு!

பெர்னி: அந்தக் கெழவன் கட்டவிரலுக்கு ஒரு தங்க மோதிரம் போடணும்யா!

நார்பர்ட்: இப்பத்தான் அவன...

பெர்னி: அது அப்ப. இந்தா, ஒரு வாய் குடி. பெப்பர்மிண்ட் சாராயம். கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன்.

நார்பர்ட்: வீட்டுல இருந்தப்ப நான் குடிச்சா மட்டும் ஊரக் கூட்டுவ.

பெர்னி: வீட்டுல நீ டிவியப் பாத்துக்கிட்டுக் குடிப்ப. ஒரு வார்த்த பேச மாட்ட. இங்க வந்தாத்தான் உனக்கு வாயே தொறக்கும்.

நார்பர்ட்: இங்க திட்டறதுக்கு வரிச்சட்டைக்காரன் இருக்கான். வீட்டுல நீயும் நானும்தானே இருந்தோம்... எல்லாத்தையும் ஒருத்தர் மேல ஒருத்தர் போட்டுக்கிட்டோம்.

பெர்னி: அந்த பாட்டில இங்க குடு.

நார்பர்ட்: என்ன, கண்ணத் தொடச்சுக்கற?

பெர்னி: ஒண்ணுமில்ல. காத்து. கண்ணுல அடிக்குது.

டெரெல்: உங்காளு எறிஞ்சான்... புடிச்சான்! அடப்பாவி, கோட்டுக்கு வெளியயும் போயிட்டான், கடிகாரம் நின்னுருச்சு. இனிமே கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயிண்டு எடுத்துருவானுங்க.

பெர்னி: எவ்வளவு நேரம் இருக்கு?

டெரெல்: ஒரே ஒரு உதைக்குத்தான் நேரம் இருக்கு. உள்ள போனா நீங்க, வெளிய போனா நாங்க.

நார்பர்ட்: நான் திரும்பிக்கறேன்.

டெரெல்: என்னண்ணே, ஆட்டத்துக்கு முதுகக் காட்டறீங்க?

பெர்னி: இவரு உதையப் பாக்க மாட்டாரு. அந்தக் காலத்துல கோப்பைக்கான ஆட்டத்துல ஒரு உதை வலது பக்கம் ஒதுங்கிப் போச்சு பாரு, அன்னையிலேர்ந்து இப்படித்தான். என் மூஞ்சியப் பாத்து ஒக்காந்துக்குவாரு. நான் சிரிச்சா ஜெயிச்சோம், நான் கெட்ட வார்த்தை பேசினாத் தோத்தோம்.

நார்பர்ட்: நாலு வருஷம் வரிசையா இறுதி வரைக்கும் போயி நாலையும் தோத்த ஊரு தம்பி. பாத்தவனுக்குத்தான் தெரியும்.

டெரெல்: எங்க கோச்சு ஆட்டத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. உதைக்கறவன் நடுங்கட்டும்னு.

பெர்னி: நாசமாப் போறவன். இந்தக் குளிருல அவன் ஏற்கெனவேதானே நடுங்கிட்டு இருக்கான்.

நார்பர்ட்: பெர்னி... நீ பழகிட்டு இருந்த அந்தப் பல் டாக்டர் எப்படி இருக்காரு?

பெர்னி: கெடக்கறது கெடக்கட்டும், கெழவனத் தூக்கி மணையில வைன்னானாம். இப்ப எதுக்குய்யா பல் டாக்டரு?

நார்பர்ட்: சொல்லேன். அவருதானே உன்கூட... புது மைதானத்துக்கு?

பெர்னி: அந்த ஆளா? கோழிச் சிறகு வறுவலுக்குத் தொட்டுக்க நம்ம ஊரு நீலச் சீஸ வேணாம்னுட்டு, வெளியூர்க்காரன் மாதிரி ரான்ச் சாஸ் குடுன்னு கேட்டான்யா. நம்ம ஊருல! கடையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அன்னைக்கே தலை முழுகிட்டேன்.

நார்பர்ட்: ரான்ச்சா!

பெர்னி: அதுவும் எடுத்து எடுத்து நக்கறான்.

நார்பர்ட்: தூ! அப்ப அவரு வரல...

பெர்னி: வரல. ஏன், உனக்கு என்ன? நீதான் சோபால சாஞ்சு கெடக்கப் போறியே.

நார்பர்ட்: கேட்டேன்.

பெர்னி: ...அங்க ஒத்தைச் சீட்டு விக்க மாட்டாங்களாம். ஜோடியாத்தானாம். வேற வழியில்லாம ரெண்டா எடுத்துத் தொலச்சேன். ஒண்ணு சும்மாத்தான் கெடக்கும்.

நார்பர்ட்: சும்மாவா?

பெர்னி: சும்மாத்தான். கோட்டு வெக்கலாம், பை வெக்கலாம். எவனாவது... சோபால ஒக்காந்து முதுகு வலிச்சவன்... வந்தாலும் வரலாம்.

நார்பர்ட்: ஒத்தையா விக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னா?

பெர்னி: கவுண்டர்லதான். கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

நார்பர்ட்: எனக்கு வித்தாங்களே.

பெர்னி: எது?

நார்பர்ட்: ஒத்தைச் சீட்டு.

டெரெல்: வந்துட்டான், வந்துட்டான்... ஓடறான்... உதைச்சுட்டான்!

பெர்னி: யோவ், வாங்கலன்னியேய்யா! ரெண்டு தடவ கேட்டேனே, மூஞ்சியப் பாத்துச் சொன்னியே!

நார்பர்ட்: நீ மட்டும் ஜோடியாத்தான் விப்பாங்கன்ன.

டெரெல்: உள்ள போச்சு! கம்பத்துல பட்டு உள்ள போச்சு! அய்யோ தோத்துட்டமே... அக்கா, நீங்க ஜெயிச்சுட்டீங்கக்கா! ஊரே குதிக்குது, நீங்க ரெண்டு பேரும் பாக்கவே இல்லியா?

பெர்னி: நீ கொஞ்சம் சும்மா இருப்பா. யோவ், சொல்லு. எங்க வாங்கின?

நார்பர்ட்: உனக்கு நேர் பின்னாடி. பக்கத்துலதான் கேட்டேன். 'பெர்னடெட் எங்க எடுத்திருக்காளோ அதுக்குப் பக்கத்துல குடும்மா'ன்னேன். அந்தக் கவுண்டர் பொண்ணு பாத்துட்டு, 'அதையும் அவங்களே எடுத்துட்டாங்க சார், கூட யாரோ வராங்க போல'ன்னா. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லடி. எவனா இருந்தாலும் இருக்கட்டும், வருஷம் பூரா அவன் பொடனில கடலத் தோல வீசிக்கிட்டே இருக்கலாம்னுதான் பின்னாடி வாங்கினேன்.