நோகுது என்ற சொல்

உள்ளூரில் ஆட்டம் நடந்தால் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. முடிந்ததும் அவரவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வெளியூர் ஆட்டத்தில்தான் எல்லோரும் சொந்தக்காரர்கள். எதிரணிக் கூட்டத்துக்குள் நம் அணித் தொப்பி ஒன்று தெரிந்தால் போதும், பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். நானும் இந்திரகுமாரும் பழகியது அப்படித்தான். இருவருக்கும் சிட்னியில் செவன் ஹில்ஸ் பகுதியில்தான் வீடு. ஆனால் முதன்முதலில் பேசிக்கொண்டது மெல்பேர்னில், ஒரு பேஸ்பால் மைதானத்தில்.

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உங்கள் போலீஸ் நிலையத்தில் கேட்டேன். ஆங்கிலத்தில் சொன்னால் நான் செய்தது உங்களுக்குப் பிடிபடாது.

என் மனைவி வேதவல்லி மாரடைப்பில் போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. கிரிக்கெட் பார்த்தால் அவள் ஞாபகம் வந்தது. அதனால் அவளுக்குத் தெரியாத ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டேன். இந்திரகுமார் யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாகப் படகில் வந்தவர், ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. சிட்னி அணி மெல்பேர்னுக்குப் போகும்போதெல்லாம் என் காரில்தான் வருவார். ஒரே மோட்டல், ஒரே அறை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். கடையிலும் மைதானத்திலும் அவருக்காக நான்தான் பேசுவேன். எனக்கு அதில் பெருமை உண்டு. நான் குளித்துவிட்டு வரும்வரை அவர் சாப்பிடாமல் காத்திருப்பார். அப்படிக் காத்திருக்க இந்த உலகத்தில் எனக்கு வேறு யாரும் இல்லை.

போன கோடையில் அவருக்கு நிரந்தர விசா கிடைத்தது. அவர் மகள் தர்சினி மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் பகுதியில் இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்த முறை ஆட்டத்துக்கு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கோயிலுக்குப் போனோம். திரும்பி நடக்கும்போதுதான், இனி மகளோடு தங்கிவிடப் போவதாகச் சொன்னார். மதியம் மைதானத்தில், மகள் வாங்கிக்கொடுத்த மெல்பேர்ன் அணித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இனி எனக்கு இதுதானே உள்ளூர் அண்ணை.”

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குத் தாங்கவில்லை. தனியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டிய நெடுஞ்சாலைதான் கண்ணுக்குள் நின்றது.

ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலுதவிச் சட்டை போட்ட ஒரு பெண் அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தாள்.

“அண்ணை, நெஞ்சு நோகுது. அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ.”

அவளே நின்று, இவருக்கு என்ன என்று கேட்டாள். இவர் ஊர் மாறிப் போகிறார், எங்களோடு இதுதான் கடைசி ஆட்டம், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

“என்னவாம்?” என்றார்.

“டாக்டரைக் கூட்டிட்டு வர்றாங்களாம். அசையாம இருங்க.”

ஓம் என்று தலையாட்டினார். நான் சொன்னபடி அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்தில் நெஞ்சு நோகிறது என்றால் மனவருத்தம். உடம்பு வலிக்கத்தான் செய்யும், நோகாது. யாழ்ப்பாணத் தமிழில் உடம்பில் எது வலித்தாலும் நோகும். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போனபோது தர்சினியே என்னைத் தேற்றினாள்.

“அங்கிள், உங்களில பிழை இல்லை. உங்கட தமிழில அது வேற கருத்துத்தானே.”

அன்றிலிருந்து அவள் எனக்குப் போன் செய்கிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். போனை வைத்தபின் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால்தான் வந்தேன்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். அதற்கு முந்தின நாள்தான் முழங்கால் நோகுது என்றார், நானே தைலம் தேய்த்துவிட்டேன். அந்த வியர்வையும் தெரியும். வேதவல்லிக்கும் அப்படித்தான் வியர்த்தது. உடனே சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். ஆம்புலன்ஸ் வந்திருக்கும், பின்னாலேயே மகள் வந்திருப்பாள், என் பக்கத்து நாற்காலி அப்போதே காலியாகியிருக்கும். ஆட்டம் முடியும்வரையாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரை நான் தனியாக விடவில்லை. கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.