வாசித்ததாகக் கருதப்பட்டது

இந்த மண்டபத்தின் ஒரே நல்ல நாற்காலியில் அமர்ந்து, அதன் ஆடும் காலை ஆடாமல் காத்துவரும் தலைவர் அவர்களே! பதினோரு ஆண்டுகளாகச் சங்கத்தின் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்காதிருந்த பொருளாளர் அவர்களே! நாங்கள் பேசியதையும் எழுதி, பேசாததையும் எழுத நேர்ந்த எழுத்தர் அக்கா அவர்களே! முன்வரிசைப் பெரியவர்களே! கதவோரம் நின்றபடி உட்கார மறுக்கும் நண்பர்களே! வாரம் மூன்று முறை ஊசி ஏறும் கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில், காலம் மறக்கக் கூடாத ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆண்டுக் கூட்டத்தில் தேநீரைக் கணக்கு வாசிப்புக்குப் பின்னால் கொடுப்பதா, முன்னால் கொடுப்பதா என்பதே பொருள். ஐம்பது நிமிடம் விவாதித்தோம். இருவர் வெளிநடப்புச் செய்தார்கள்; தேநீர் வாசம் வந்ததும் ஒருவர் திரும்பிவிட்டார். முடிவில், முன்னாலேயே கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். முன்மொழிந்தவன், உங்கள் உள்தணிக்கையாளனாகிய நான்.

தேநீர் குடித்த பிறகு எவர் உட்கார்ந்து கணக்குக் கேட்பார்? கோப்பைகள் காலியாயின. கூடவே மண்டபமும் காலியாயிற்று. மிஞ்சியது ஆறு பேர். ஆறு பேருக்காக நாற்பது பக்கம் வாசிப்பதா? அப்போது பொருளாளர் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தார்: “ஆண்டுக் கணக்கு வாசித்ததாகக் கருதப்பட்டு, கைதட்டி ஏற்கப்பட்டது.” என்ன வாக்கியம் ஐயா அது! வாசிக்கவும் வேண்டாம், வாசித்தோம் என்று பொய் சொல்லவும் வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே வாக்கியம். அதற்கடுத்த ஆண்டும் அதே கைதட்டல்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, மருத்துவமனையில் இறக்கி, ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டி ஒன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. அந்த வண்டிதான் சங்கம். முத்திரை, பதாகை, தலைவர், நான் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவர்கள்.

இந்தச் சங்கத்துக்கு வரிவிலக்கு உண்டு. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினோம். நிபந்தனைகள் அதன் பின்பக்கம் இருந்தன. அவற்றைச் சுவர் மட்டுமே படித்தது. சட்டம் போட்டவர்கள் சட்டத்தைப் பார்க்கவில்லை. விலக்குப் பெற்றவர்களும் ஆண்டுதோறும் வரவு செலவை வரித்துறைக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது அங்கே முதல் வரி.

கணக்கு எங்கே என்று கேட்டு முதல் கடிதம் வந்தபோது அக்கா அதை எடுத்துக்கொண்டு பொருளாளரிடம் போனார். பொருளாளர் நல்லவர்; மழைநாளில் நோயாளிகளுக்குத் தம் கைக்காசில் குடை வாங்கியவர். அவர் பொறுமையாக விளக்கினார்: “விலக்குன்னா விலக்குதானே அக்கா. வரியே இல்லாதவனுக்கு வரிக்கணக்கு எதுக்கு? வேற யாருக்கோ போக வேண்டியது, தப்பா இங்க வந்திருக்கு.” தப்பாக வந்த கடிதம் நீலக் கோப்புக்குள் போயிற்று. மறு ஆண்டு இன்னொன்று தப்பாக வந்தது. நான் இரண்டு ஆண்டும் ‘சரிபார்த்தேன்’ என்று கையொப்பமிட்டேன். எதைச் சரிபார்த்தேன்? பக்க எண்களை. ஒன்றுகூடத் தவறவில்லை.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை ஐயா. எடுத்திருந்தால் நம் துக்கத்துக்கு ஒரு முகமாவது இருந்திருக்கும்.

மூன்றாவது கடிதம் இறுதி எச்சரிக்கை. முப்பது நாளில் கணக்கு வராவிட்டால் விலக்கு ரத்து. அக்கா இதைக் கோப்பில் வைக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தின் ஒன்பதாவது பொருளாகச் சேர்த்தார். எட்டாவது, கணக்கு. ஏழாவது, தேநீர். ஒன்பதாவதுக்கு வந்தபோது அவர் எழுந்து நின்று, “ஒரு நிமிஷம், இதை மட்டும் படிச்சிடுறேனே” என்றார். நான் சொன்ன பதிலை நீங்கள் கேட்க வேண்டும். “கருதியாச்சு அக்கா, எழுதுங்க.”

எழுதினார். தீர்மானப் புத்தகம் இதோ: “வரித்துறையின் இறுதி எச்சரிக்கை வாசித்ததாகக் கருதப்பட்டு, கைதட்டி ஏற்கப்பட்டது.” சிரிக்கிறீர்கள். அந்த ஆறு பேரில் நீங்களும் ஒருவர் ஐயா. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினீர்கள்.

முப்பது நாள் போயிற்று. விலக்கும் போயிற்று. இனிக் கொடுத்தால் தனக்கு வரிச்சலுகை கிடைக்காது என்று எரிபொருளுக்கு உதவிய தொழிற்சாலை விலகிக்கொண்டது. மூன்றாண்டு நன்கொடை முழுவதும் வருமானமாக மாறி, அதற்கு வரியும் தண்டமும் வந்தன. வண்டி நின்றது. நானும் பொருளாளரும் அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் கோபிக்கவில்லை, நாற்காலி போட்டுப் பேசினார். “உங்க மேல சந்தேகமே இல்லைங்க. கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உங்க பீரோவுலயே இருக்கு.” பிறகு நாங்கள் கொண்டுபோன தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார். “தெரியாதுன்னும் சொல்ல முடியாதே. கைதட்டியிருக்கீங்களே.” பொருளாளர் வெளியே வந்ததும் சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். அவர் இடுப்பைச் சாவியில்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

அதைவிடக் கடினமான இடம் ஒன்று பாக்கியிருந்தது. தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர், நம் வண்டியில் ஏழாண்டு வந்தவர். கூலி வாங்காமல் எட்டு இருக்கைக்கும் உறை தைத்துப் போட்டவர். அவரிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார். கடைசியில் நிறுத்தினார். “சட்டைக்குப் பொத்தான் வைக்காம, வச்சதாக் கருதிக்கோங்கன்னு நான் குடுத்தா, போட்டுக்கிட்டுப் போவீங்களா தம்பி?”

என் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வீடு வந்தேன், தாய்மார்களே.

நல்ல எண்ணம் இருந்தது. கணக்கில் யார் கண்ணும் இல்லை. நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கையே நம்மைப் படிக்கவிடாமல் செய்தது. ஒருவரையொருவர் சந்தேகிப்பது அவமரியாதை என்று நினைத்தோம். கேள்வி கேட்பதுதான் மரியாதை என்று, வண்டி நின்ற பிறகு தெரிகிறது. கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. வாசலில் காத்திருப்பவருக்குச் செய்யும் மரியாதை. கையெழுத்துப் போடும் கையே, கண்ணையும் கூட்டி வா! கைதட்டும் கூட்டமே, கேட்டுவிட்டுத் தட்டு! இந்தச் சங்கம் மறுபடி எழுமா, எனக்குத் தெரியாது. எழுந்தால், வாசிக்காத ஒன்றை இனி யாரும் கருத வேண்டாம்.

இன்று தேநீர் இல்லை. நாற்பது பக்கமும் அக்கா வாசிப்பார். நின்றவர்களும் தயவுசெய்து உட்காருங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.

தலைவர் ஒரு சீட்டுக் கொடுத்திருக்கிறார், படித்துவிடுகிறேன். வண்டி நேற்று விற்கப்பட்டது. வாங்கியவர் இருக்கை உறைகள் வேண்டாமென்று கழற்றிக் கொடுத்துவிட்டார். எட்டும் எழுத்தர் மேசைமேல் உள்ளன. தைத்தவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.