குதிகால் துளை

வெண்கலத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, ஈரம்தான் ஆகாது. மலையில், எங்கள் கட்டபெட்டுப் பக்கம் சிலை வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அதனால்தான் வேதியியல் படித்த எனக்கு வேலை கிடைத்தது.

எஸ்டேட் வாசலில் நிற்பது முதலாளி ரவிச்சந்திரனின் தந்தை. வருடந்தோறும் மழைக்கு முன் சிலையைக் கழுவிக் காயவைத்து மெழுகு பூசுவேன்.

"நல்லாப் பாத்துக்குங்க ஆன்சி. எங்கப்பாவே நிக்கற மாதிரி இருக்கோணும்," என்பார் முதலாளி.

நான் பிலோமியின் மகள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மா அவருடைய ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். இயந்திரத்தில் அவள் கை சிக்கிய அன்று, எஸ்டேட் ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் போயிருந்தது, இந்தச் சிலையை ஏற்றி வர. லாரியில் வந்தால் அடிபடுமாம். வைக்கோல் சுற்றிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அம்மா தேயிலை மூட்டைமேல் இறந்து கிடந்தாள். "அந்தம்மா கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமுங்க," என்றார் முதலாளி. பிறகு சிலையைப் பத்திரமாக இறக்கச் சொன்னார்.

சிலையின் உட்புறம் வெற்று. கால்களுக்குள் இரும்புக் கம்பிகள் இறங்கிக் கல்பீடத்தில் பதிந்திருக்கும்; சிலை நிற்பது அவற்றின் பலத்தில்தான். உள்ளே சேரும் நீர் வடியக் குதிகாலில் ஒரு துளை. அதன் வழியே உப்புக் கரைசலைச் செலுத்தி, மெழுகால் அடைத்தேன். ஒவ்வொரு வருடமும். நான் வேலையில் குறை வைத்ததாக யாரும் சொல்ல முடியாது; வெளியே ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. இரும்பு தன் பாட்டுக்குத் துருப்பிடித்தது. எனக்கும் அவசரமில்லை.

நினைவு நாளில் முதலாளி ஏணியில் ஏறி, தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாலை போடுவார். தொழிலாளர்கள் கைதட்ட வேண்டும். அவருடைய முழு எடையும் சிலைமேல்தான் இருக்கும்.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகன் அருண்பிரசாத்திடம், "நீ ஏறு சாமி," என்றார்.

அவன் மாலையோடு என்னைப் பார்த்தான். "ஏனுங்கக்கா, தாத்தா தாங்குவாருங்களா? நான் அப்பாவ விட வெயிட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தாங்குவாருங்க."

சிலை அவனோடு சேர்ந்து விழுந்தபோது ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றிருந்தது. தேவைப்படவில்லை.

முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவரே விழுந்திருந்தால் அந்தக் கை சில்லிடுவது அவருக்குத் தெரியாமல் போயிருக்கும். அதை அங்கே நின்றபோதுதான் யோசித்தேன்.

அந்தப் பையன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவனை ஏறச் சொன்னது அவன் அப்பாதான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.