குறுவை என்று சொல்லியிருந்தால்

பகடை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, ஐயா. நல்ல கதை போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பிளாஸ்டிக் துண்டு உருண்டு வந்து, நீ செத்தாய் என்கிறது. அதில் என்ன நியாயம்?

நாங்கள் நாலு பேர். வேம்பு, செழியன், ஜெயபாரதி மூவரும் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள். நான் மதிவாணன், பூதலூர்ப் பக்கம் அப்பாவோடு விவசாயம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பம்புசெட்டில் கூடி, மந்திரவாதி, ராஜா, பூதம் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதை நடத்துவோம். யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பகடைதான் சொல்லும். மூன்று வருஷமாகப் பல முறைகளை ஆடிப் பார்த்து ஒப்பிட்டிருக்கிறேன். ஒன்றில் மரக்கட்டை அடுக்கிலிருந்து கட்டைகளை உருவ வேண்டும். அடுக்கு சரிந்தால் ஆள் காலி. அதில் கை நடுங்கும், மனசு நடுங்காது. இன்னொன்றில் கதையை நடத்துபவர் என்று ஒருவரே கிடையாது. ஆளாளுக்குப் பேசிப் பேசி எங்கள் ஊர்க் கூட்டம் போல ஒன்றும் முடியாது.

அதனால் நானே ஒரு முறை எழுதினேன். பகடை கிடையாது என்றதுமே வேம்பு சிரித்தான்.

"இதுல பயம் எங்கடா இருக்கு? எங்க அத்தை சீரியல் பாக்குற மாதிரில்ல இருக்கு."

மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்தன்று விதிகளைப் படித்தேன். கதையில் இருப்பது ஆடுகிற இடத்திலும் இருக்கும். கத்தினாலும் அழுதாலும் அது வேடம்தான். யாரும் குறுக்கே போகக்கூடாது. நிஜமாகவே நிறுத்த ஒரு சொல் உண்டு. குறுவை.

கதை, பாதாளச் சிறையில் வெள்ளம் ஏறுவது. கைதி வேம்பு. சிறை, ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் போகும் சிமெண்டுக் குழாய். அதன் மேற்கு முனையில் குப்பை தடுக்கும் கம்பிகள் உண்டு. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மாட்டுக்கயிறு அவனே கொண்டுவந்தான்.

"நல்லா இறுக்கிக் கட்டுடா. அப்புறம் சப்புன்னு இருந்துச்சுன்னு சொல்லிப்புடுவேன்."

கம்பிக்கு வெளியே, வாய்க்காலில் உட்காரவைத்துக் கம்பியோடு கட்டினேன். மற்ற இருவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், குழாயின் மறுமுனையில் இருந்து அவன் குரலை மட்டும் கேட்க வேண்டும்.

பத்து மணிக்கு வாய்க்கால் மதகின் ஷட்டரைத் தூக்குவார்கள் என்று விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே வந்திருந்தது. ஜூன் மாதத்து முதல் தண்ணீர் வைக்கோலையும் பிளாஸ்டிக்கையும் அடித்துக்கொண்டு வரும். கம்பியில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் கசியத்தான் செய்யும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

"டேய், தண்ணி வருதுடா. நெசமாத்தான்டா."

"என்னமா நடிக்கிறான் பாரு," என்றான் செழியன். ஜெயபாரதி கைதட்டினாள்.

நான் ரோட்டின் மேல் நின்றிருந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? விதி எழுதியவனே மீறினால் அது ஆட்டமா? அந்தப் பக்கம் ஈரத்தைப் பார்த்து அவர்கள் ஓடி வந்தபோது கம்பி முழுவதும் மூழ்கியிருந்தது.

குறுவை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த நொடியே குதித்திருப்பேன், ஐயா. சத்தியமாக.

அந்தச் சொல் அவனுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். விதிகளை ஒன்பது மணிக்குப் படித்தேன். அவனை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தேன்.